ஆக்சிஜன் குழாய்க்குக் கற்பூர ஆரத்தி

1

என் தங்கை தேவி திருச்சியிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் நீளமான குழாய்க்குள் ஒரு பெரியவரைப் படுக்கவைத்து மூடுகிறார். பெரியவர் உள்ளேயிருந்து சிரிக்கிறார். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. கீழே தேவியின் கேள்வி: “அக்கா, இந்த ஆக்சிஜன் ட்ரீட்மென்ட் ஹார்ட்டுக்கு ரொம்ப நல்லதாமே. இங்கயும் வந்துருச்சு. அத்தான் அங்க எடுத்துக்கிட்டாரே, எப்படி இருக்கு? எங்க வீட்டுக்காரருக்கும் பாக்கலாமா?”

போனில் பதில் சொன்னால் வாயில் வேறு ஏதாவது வந்துவிடும் என்று எழுத உட்கார்ந்தேன். தேவிக்கு மட்டுமல்ல, கடல் தாண்டிப் போனவர்கள் செய்வதெல்லாம் உசத்தி என்று நினைக்கிற என் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து.

நான் மணப்பாறையில் பிறந்து, கல்யாணமாகி மலேசியாவில் ஜொகூருக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் மணியம் காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். செனாயில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் பகுதியில் ஆயுசில் பாதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றார். இப்போது பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறோம். முந்தின வருஷம் அவருக்கு மாரடைப்பு வந்தது. உயிர் தப்பியது, ஆனால் இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ஒரு பெட்டி நிறைய மாத்திரை கொடுத்தார்கள். அதில் முக்கியமானது உடம்பில் சேரும் தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. காலையில் போட்டால் மத்தியானம் வரை கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் நடந்தபடியே இருப்பார். அது ஒரு தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லைதான் அவரை நடமாட வைத்திருந்தது.

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, பிரகாஷ். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கணினி வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் சிங்கப்பூரின் விளக்குகள் தெரியும். அவ்வளவு பக்கம். இருந்தாலும் மணப்பாறையிலிருந்து என் தம்பி வந்துபோன அளவுக்குக்கூட அவன் வருவதில்லை. கேட்டால் ஒரே பதில்: “ஜாம் லா மா.” பாலத்தில் நெரிசல் என்பது உண்மைதான். ஆனால் அந்த நெரிசலில் நிற்கிற ஆயிரக்கணக்கானவர்கள் யாரோ ஒருவர் வீட்டுக்குத்தானே போகிறார்கள்?

வராத பிள்ளைகள் பொருள் அனுப்புவார்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வந்தது. நடையை எண்ணும் கைக்கடிகாரம் வந்தது. எங்கள் திருமண நாளுக்கு வந்தது இந்த ஆக்சிஜன் சிகிச்சை, மொத்தப் பேக்கேஜ். வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி.

“பா, இது லேட்டஸ்ட். ஹை பிரஷர்ல ஆக்சிஜன் குடுப்பாங்க. ஹார்ட்டு யங் ஆகிடும்” என்று போனில் சொன்னான்.

“அப்ப ஆள் கிழவனா இருப்பேன், ஹார்ட்டு மட்டும் பொடியன் மாதிரி துள்ளுமா?” என்றார் இவர்.

“ஜஸ்ட் ட்ரை லா பா. சனிக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

இவர் உடனே சரி என்றார். மாரடைப்பு வந்த அன்றுகூட ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த மனுஷன், இதற்கு ஒரு வார்த்தை மறுக்கவில்லை. வயசானால் எல்லோருக்கும் ஆசை வருமோ என்று நினைத்துக்கொண்டேன்.

3

அந்த மையம் கடைவீட்டு வரிசையில் முதல் மாடியில் இருந்தது. கீழே ஒரு சீனரின் மீ கடை, அதாவது நூடுல்ஸ் கடை. இதய நோயாளிகள் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி, பிறகு மூச்சுக்காகப் படுக்க வேண்டும். லிஃப்ட் இல்லையா என்று கேட்டேன். “படி ஏறுறது ஒரு எக்சர்சைஸ், ஆண்ட்டி” என்றார் அதன் முதலாளி குணா.

எல்லோரும் அவரை டாக்டர் குணா என்றார்கள். எதில் டாக்டர் என்று விசாரித்தேன். தன்னம்பிக்கைப் பேச்சில் யாரோ ஒரு மேடையில் பட்டம் கொடுத்தார்களாம். பட்டத்தோடு கோட்டும் கொடுத்திருக்க வேண்டும், மனுஷன் அதைக் கழற்றிப் பார்த்ததே இல்லை.

அரசு மருத்துவமனையில் எனக்கு நடப்பதை ஊரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இன்னும் சிவப்பு அட்டைக்காரி, அதாவது நிரந்தரமாக வசிக்கலாம், குடிமகள் இல்லை. முகப்பில் ஒவ்வொரு தடவையும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எப்போது வந்தாய், ஏன் இன்னும் மாற்றவில்லை என்பார்கள். மாற்ற எத்தனை தடவை விண்ணப்பித்தேன் என்பதை நான் என் அரைகுறை மலாயில் விளக்கி முடிப்பதற்குள் பின்னால் வரிசை முனகும். என் தாலி, என் பிள்ளை, நான் போட்ட கோலம் எதுவும் அந்த மேசையில் செல்லாது. இருந்தாலும் அவ்வளவு கேள்விக்குப் பிறகு உள்ளே ஒரு நிஜ டாக்டர் இருப்பார்.

குணாவின் மையத்தில் ஒரு கேள்வியும் இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இதயத்தின் பலம் எவ்வளவு, நுரையீரல் எப்படி, எதுவுமே கேட்கவில்லை. குளிரூட்டிய அறை, எலுமிச்சை வாசனை, “வெல்கம் அங்கிள்” என்று ஒரு புன்னகை. மரியாதைக்கு அலைந்த நம் ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்? நாலு பேர் நிற்க வைத்துக் கேள்வி கேட்டால் அது அவமானம், கேட்காமல் படுக்கவைத்தால் அது வைத்தியம்.

வீடியோவில் இருந்த கண்ணாடிக் குழாய்கூட இங்கே இல்லை. தடித்த துணியில் செய்த ஒரு பை. ஆளை உள்ளே படுக்கவைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாயை மாட்டி, பயணப் பெட்டிக்குப் போடுவதுபோல் ஜிப்பை இழுத்து மூடுவார்கள். ஓரமாக நிற்கும் இயந்திரம் புஸ்ஸென்று காற்றடிக்க, பை உப்பிக்கொண்டு குழாயாகும். முகத்துக்கு நேரே ஒரு சின்ன ஜன்னல். ஒன்றரை மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும். நடுவில் எழுந்துவர முடியாது.

இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

தேவிக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது சொந்தக்காரர் ஒருவர் காந்தப் படுக்கை கொண்டுவந்து விற்றார். அதில் படுத்தால் ரத்தம் சுத்தமாகும், அடைப்பு கரையும் என்றார். வாங்கினவர் இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன். தெருவில் பாதிப் பேர் காந்தத்தின் மேல் படுத்துக்கிடந்தார்கள். மறுத்தால் சொந்தம் விட்டுப்போகுமே என்பதற்காகவே முதுகு வலிக்க வலிக்கப் படுத்தவர்கள் உண்டு. அப்பாவின் அடைப்பு கரையவில்லை. அந்தச் சொந்தக்காரர் கார் வாங்கினார்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. இந்தப் பட்டிக்காட்டு மூளையை விட்டுத் தப்பித்துப் போக வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். தப்பித்தேன், கப்பல் விமானமெல்லாம் ஏறி. இங்கே வந்து பார்த்தால் அதே படுக்கை ஜிப் வைத்துக் காத்திருக்கிறது. நாட்டை மாற்றலாம், நம்மவர்களின் தலையை மட்டும் எந்தக் குடிநுழைவு அதிகாரியும் பறிமுதல் செய்வதில்லை.

5

செவ்வாயும் வியாழனும் நான் வாடகைக் காரில் கூட்டிப்போனேன். சனிக்கிழமை பிரகாஷ் வந்தான். உண்மையாகவே வந்தான், தவறாமல் வந்தான். விடியற்காலையில் பாலத்தைக் கடந்து வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போவான். ஒன்றரை மணி நேரம் குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்ததும் இருவரும் மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், நம்மூர்ப் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். இதயத்துக்குச் சிகிச்சை, உடனே நெய் ரொட்டி! நான் திட்டினால் அப்பனும் பிள்ளையும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள்.

நாளாக ஆக இவர் முகம் உப்பலாக இருந்தது. “முகத்துல களை வந்துருச்சு பாத்தீங்களா ஆண்ட்டி, எல்லாம் ஆக்சிஜன்” என்றார் குணா. ராத்திரியில் தலையணையை இரண்டாக வைத்துக்கொண்டார். வயிறு சரியில்லை என்றார். செருப்பு இறுக்குகிறது என்றார், பிரகாஷ் அடுத்த வாரமே புதுச் செருப்பு வாங்கி வந்தான். கேள்வி கேட்காமல் பொருள் வாங்குவதில் என் பிள்ளையை மிஞ்ச ஆளில்லை.

6

ஆயுத பூஜை வந்தது. வாரநாளில் வந்ததால் குணா அதைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார். இங்கே கடவுளும் வார விடுமுறைக்குக் காத்திருந்துதான் பூஜை வாங்கிக்கொள்ள வேண்டும். பொரி, கடலை, சுண்டல் உண்டு, குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைப்பு வந்ததால் அன்று நானும் போனேன்.

காற்றடிக்கும் இயந்திரத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. ஆக்சிஜன் இயந்திரத்தின் தலையில் ஒரு எலுமிச்சம்பழம். குழாயின் இரண்டு பக்கமும் கரும்பு. அத்தனைக்கும் மேலே சுவரில், நெருப்பு கூடாது, புகைபிடிக்கக் கூடாது என்று மூன்று மொழியில் பெரிய அறிவிப்பு.

“மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பூஜை பண்ணணும் அங்கிள், அப்பதான் வருஷம் பூரா பிஸ்னஸ் ஓடும்” என்று சொல்லி, குணா இவரை உள்ளே படுக்கவைத்து ஜிப்பை மூடினார். பை உப்பியது. சின்ன ஜன்னலில் இவர் முகம் தெரிந்தது. கோட்டுக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு குணா தேங்காய் உடைத்தார். ஒருவர் மணியடித்தார். பிரகாஷ் போனில் படமெடுத்தான். உள்ளே இருந்தபடி இவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கருவறையில் என் வீட்டுக்காரர் இருக்க, வெளியே நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்தக் கண்றாவியைப் பார்க்கவா நான் கடல் தாண்டி வந்தேன் என்று தோன்றியது.

அப்போதுதான் குணா தட்டில் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தினார். கொளுத்தி, ஆக்சிஜன் போகும் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுற்றத் தொடங்கினார்.

இவர் வெல்டிங் வேலை பார்த்த காலத்தில் வீட்டில் சோறு சாப்பிடும்போதெல்லாம் சொல்லுவார்: ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு போகாதே, நெருப்போடு போகாதே, சின்னப் பொறி போதும். கேட்டுக் கேட்டு என் காதே புளித்துப்போயிருந்தது. அது தெரிந்த ஒரே மனுஷன் உள்ளே ஜிப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

குணா சிரித்தார். “ஆண்ட்டி, இது கற்பூரம்தானே?”

கவனியுங்கள். சிகரெட் நெருப்புதான் அவருக்கு நெருப்பு. கற்பூரம் என்றால் சாமி காரியம், அது சுடாது, பற்றாது. அறிவிப்பு எழுதி மாட்டியவரும் அவரேதான்.

பக்கத்தில் தேங்காய்த் தண்ணீர் பிடித்து வைத்த சொம்பு இருந்தது. எடுத்து அப்படியே தட்டில் கொட்டினேன். கற்பூரம் அணைந்து புகைந்தது. குணாவின் கோட்டெல்லாம் தேங்காய்த் தண்ணீர்.

அறை முழுக்க “அலமாக்!” என்று மலாயில் பதறியது. “எரியுற கற்பூரத்த அணைச்சிட்டீங்களே ஆண்ட்டி, அபசகுனம்!” என்று குணா தலையில் கைவைத்தார்.

“உள்ள இருக்குறது என் புருஷன். பைய தொறங்க” என்றேன்.

காற்று முழுக்க இறங்காமல் ஜிப்பைத் திறக்க முடியாதாம். நின்றோம். பை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. உள்ளே இவருக்கு வெளியே நடப்பது ஒன்றும் புரியவில்லை, ஜன்னலில் என்னைப் பார்த்து இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷனை இழந்தால் எனக்கு இந்த நாட்டில் ஒரு சிவப்பு அட்டையைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று அந்தச் சில நிமிஷத்தில் நினைத்தேன், அழுதேன்.

வெளியே வந்தவர் எழுந்து உட்கார முடியாமல் மூச்சு வாங்கினார். செருப்பை மாட்டிவிடக் குனிந்தபோதுதான் பகல் வெளிச்சத்தில் அவர் காலைச் சரியாகப் பார்த்தேன். பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, விழுந்த குழி மேலே வரவில்லை.

“தண்ணி மாத்திரை போடுறீங்களா இல்லயா?”

பிரகாஷ் போனைக் கீழே இறக்கினான்.

“டியூப்ல படுத்தா ஒன்னுக்குப் போக முடியாதுல்ல” என்றார் மெதுவாக. “இவங்கதான் இங்க வர்ற அன்னிக்கு மட்டும் தள்ளிப் போடச் சொன்னாங்க. அப்புறம் மத்த நாளும் விட்டுட்டேன். நீ குடுக்கிறப்ப வாங்கிச் சட்டப் பையில போட்டுக்குவேன்.”

இதயத்துக்கு வைத்தியம் செய்யப்போன இடத்தில், இதயத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த முக்கியமான மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இதற்குப் பொரியும் சுண்டலும் வேறு.

7

நேரே அரசு மருத்துவமனைக்குப் போனோம். அன்று யாரும் என் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை, இவருடைய நீலம் பூத்த உதட்டைப் பார்த்தே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நுரையீரலில் தண்ணீர். ஊசி போட்டு இறக்கினார்கள். சில நாள் வார்டில் இருந்தார்.

மலாய்க்கார டாக்டர், சின்ன வயசுப் பெண். பெரியவர்களை மலாய்க்காரர்கள் கூப்பிடுவதுபோல இவரைப் “பக்சிக்” என்றுதான் கூப்பிட்டாள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன். கடலுக்கடியில் மூழ்கி வேலை செய்கிறவர்களுக்கும், ஆறாத சர்க்கரைப் புண் உள்ள சிலருக்கும் பெரிய மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை உண்டு, நிஜக் கருவியில், நிஜ டாக்டர் பார்வையில். இவ்வளவு பலவீனமான இதயத்துக்கு அங்கேயே பலமுறை யோசிப்பார்கள், அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் இதயத்தின் சுமை கூடி நுரையீரலில் தண்ணீர் கோக்கலாம். இந்தத் துணிப் பை நல்லதும் பெரிதாகச் செய்திருக்காது. மாத்திரையை விட்டதுதான் ஆளைக் கவிழ்த்தது.

“பக்சிக், மாத்திரையைப் போடுங்கள், உப்பைக் குறையுங்கள், யாரையாவது கூட வைத்துக்கொண்டு மெதுவாக நடங்கள்” என்றாள். அவ்வளவுதான் வைத்தியம். இதில் புல்லாங்குழல் எங்கே வரும்? அதனால்தான் யாரும் இதை வீடியோ எடுப்பதில்லை.

அன்று மாலை வார்டில் இவரைப் பிடித்துக்கொண்டேன். “ஆக்சிஜனப் பத்தி எனக்கே பாடம் நடத்துற ஆளு நீங்க. அந்தப் பைய நம்பித்தான் மாத்திரைய விட்டீங்களா?”

“அத யாரு நம்புனா?” என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். “காத்தடிச்ச பை. அதுல என்ன இருக்கு?”

“அப்புறம் எதுக்குப் போய்ப் படுத்தீங்க?”

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “செவ்வா, வியாழன் போகலன்னா பேக்கேஜ் கேன்சல்னு சொல்லிட்டாங்க. கேன்சல் ஆயிட்டா சனிக்கிழம பிள்ளை எதுக்கு வருவான்?”

அந்தச் சின்ன ஜன்னல் வழியே ஒன்றரை மணி நேரம் அவர் என்ன பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பாதி முகம். அதற்காக மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார், முட்டாள் மனுஷன்.

8

வீடு திரும்பிய வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரகாஷ் கூப்பிட்டான். நல்ல பிள்ளைதான், வார்டில் இரண்டு நாள் அழுதான். குணாவிடம் போய்ச் சண்டையும் போட்டான்.

“மா, நாளைக்கு ட்ரீட்மென்ட் இல்லல்ல? அப்ப நான் அடுத்த மாசம் வரேன். ஜாம் ரொம்ப மோசம் லா.”

இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

“ட்ரீட்மென்ட் இல்லன்னு யாருடா சொன்னா?” என்றேன். “புதுசா ஒன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. கடல் காத்துல நடக்கணும். வாரா வாரம், சனிக்கிழம. கூட ஆள் இருக்கணும்.”

“நீங்க போனா போதாதா?”

“ரத்த சொந்தமா இருக்கணுமாம். விழுந்தா தூக்குற பலம் வேணும். ஒரு வாரம் விட்டாலும் பலன் போயிடும்.”

“இதுக்கு ரிசர்ச் இருக்காம்மா?”

“நெறைய இருக்கு. ஏழு மணிக்கு வந்துரு.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “டாக்டர் வசந்தி” என்று எனக்குப் பட்டம் கொடுத்தார். காந்தப் படுக்கை விற்ற சொந்தக்காரரும் குணாவும் ஆளுக்கொரு பக்கம் என் தோளில் கைபோட்டு நிற்பதுபோல இருந்தது. பரவாயில்லை, நிற்கட்டும்.

தேவி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: உன் வீட்டுக்காரரைக் குழாயில் போடாதே. மாத்திரையைக் கையில் கொடுக்காதே, வாயில் போட்டு விழுங்கும்வரை நின்று பார். உன் மகள் பெங்களூரில்தானே இருக்கிறாள்? வாராவாரம் வந்து அப்பாவோடு நடந்தாக வேண்டும் என்று சொல், எந்த டாக்டர் சொன்னார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

இங்கே இவர் இப்போது சனிக்கிழமையும் தண்ணீர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார். கடற்கரையில் எந்த வழியாகப் போனால் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று நான் முன்னாலேயே போய்ப் பார்த்துவைத்திருக்கிறேன். இவர் உள்ளே போகும்போதெல்லாம் பிரகாஷ் வாசலில் நின்று, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “பா, ஓகேவா?” என்று குரல் கொடுக்கிறானாம்.